மரச் சக்கில் வெட்டிய மரை பாதியிலேயே இறுகுகிறது. அவசர உதவி தேவை

பாம்பன்வாடை:
வணக்கம். கடைசல் லேத்தில் மாட்டுவதற்கு மரத்திலேயே ஒரு சக் (வேலைக் கட்டையைப் பிடித்துக்கொள்ளும் பிடி) கடைந்து மரை வெட்டினேன். நாலைந்து சுற்று ஏறுகிறது, பிறகு இறுகி நின்றுவிடுகிறது. பலமாகத் திருகினால் உள்ளிருந்து தூள் கொட்டுகிறது. ஓடவிட்டால் ஆட்டம் வேறு. இதோடு மூன்று கட்டை வீண். ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னால் சங்கு வைக்கும் தாங்கி அறுபது கடைந்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். எங்கே தப்பு?

தொண்டிக்கடைசல்:
என்ன மரம் தம்பி? ஸ்பிண்டில் (சக்கை மாட்டுகிற, லேத்தின் சுழலும் தண்டு) என்ன அளவு? துளைக்கு எத்தனை மில்லி பிட் போட்டீர்கள்? துளை மர இழையின் போக்கில் போகிறதா, குறுக்கே போகிறதா?

கமுதிஉளி:
ஈரம்தான். கேட்கவே வேண்டாம். கடற்கரைக் காற்றில் கிடந்த கட்டை எப்படிக் காயும்? வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் அதில் மரை வெட்ட வேண்டும்.

பழையபட்டறை:
"மரை வெட்டினேன்" என்கிறீர்கள். எதைக் கொண்டு? பல்லாலா? பன்னிரண்டு வருடமாக இங்கே பதில் எழுதுகிறேன். கருவி என்ன, அளவு என்ன என்று எழுதாமல் "அவசரம்" என்று மட்டும் எழுதுகிறவர்கள் குறைந்தபாடில்லை.

பாம்பன்வாடை:
மன்னிக்கவும். மரம் சீமைக் கருவேலம், வீட்டுக்குப் பின்னால் நின்றது. டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) என் மாமாவின் படகு எஞ்சின் பட்டறையிலிருந்து இரவல் வாங்கியது. ஸ்பிண்டில் ஒரு அங்குலம் இருக்கும். துளைக்குள் நன்றாகவே நுழைகிறது, அதனால் அளவில் கோளாறு இல்லை.

கமுதிஉளி:
எப்போது வெட்டிய மரம்? அதைச் சொல்லவே இல்லையே.

தேவிபட்டினத்தான்:
சீமைக் கருவேலத்தில் மரையா? அது கரிமூட்டத்துக்குத்தான் லாயக்கு. பூவரசு எடுங்கள்.

தொண்டிக்கடைசல்:
அப்படித் தள்ளிவிட முடியாது அண்ணே. வைரம் பாய்ந்த சீமைக் கருவேலம் கனமான மரம், காயும்போது சுருக்கமும் குறைவு. மரை நிற்க அடர்த்திதான் வேண்டும். தேக்கில் வெட்டிப் பாருங்கள், பல் பல்லாக உதிரும். வெள்ளைப் பகுதியை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும்.

தேவிபட்டினத்தான்:
நிலத்தடி நீரை உறிஞ்சி மாவட்டத்தையே பாழாக்கிய மரத்துக்கு நற்சான்று கொடுக்கிறீர்கள். காமராஜர் காலத்தில் விறகுக்காக விதையைத் தூவினார்கள், இன்று கண்மாய் முழுவதும் அதுதான் நிற்கிறது. நம் மண்ணின் மரம் குடை விரித்தாற்போல் நிற்கிற உடைமரம்.

ஏர்வாடிஅலை:
காமராஜர் காலம் என்பது தவறு. 1877இலேயே ஜமைக்காவிலிருந்து விதை வந்து கடப்பைப் பக்கம் நட்டிருக்கிறார்கள். பரவலாகத் தூவியது வேண்டுமானால் பிற்காலத்தில் நடந்திருக்கலாம்.

தேவிபட்டினத்தான்:
யார் கொண்டுவந்தால் என்ன? 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது, தெரியுமல்லவா?

ஏர்வாடிஅலை:
தெரியும். அகற்றிய கட்டையை என்ன செய்வதாம்? கடைந்தால் குற்றமா?

பழையபட்டறை:
மரத்தின் சரித்திரத்தை வேறு இழையில் பேசிக்கொள்ளுங்கள். தம்பி, "துளைக்குள் நுழைகிறது, அதனால் அளவு சரி" என்று எழுதியிருக்கிறீர்களே, நோயே அந்த வரியில்தான் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை ஸ்பிண்டில் மரையின் மேல் நீளவாக்கில் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். முகடுகள் கோடு கோடாகப் பதியும். ஒரு அங்குலத்துக்குள் எத்தனை இடைவெளி என்று எண்ணுங்கள். பிறகு டேப்பின் காம்பில் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள்.

பாம்பன்வாடை:
தாளில் எட்டு. டேப்பில் எம் 27, பெருக்கல் குறி, 3.

பழையபட்டறை:
அவ்வளவுதான். உங்கள் ஸ்பிண்டில் அங்குலத்துக்கு எட்டு மரை, அதாவது ஒரு மரைக்கு 3.175 மி.மீ. டேப் வெட்டுவதோ 3 மி.மீ. டேப்பின் விட்டம் 27, ஸ்பிண்டில் 25.4. அதனால்தான் தாராளமாக நுழைகிறது, அதனால்தான் ஆடுகிறது. சுற்றுக்கு 0.175 மி.மீ. பிசகி, நாலைந்து சுற்றில் தளர்வு தீர்ந்து மரைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. அதற்கு மேல் திருகினால் மரப் பல் உடையும். ஈரம் காரணமே இல்லை.

கமுதிஉளி:
ஈரமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றுதான் இப்போதும் சொல்கிறேன்.

பாம்பன்வாடை:
ஒரு அங்குல டேப்புக்கு நான் எங்கே போவது?

பழையபட்டறை:
டேப்பே வேண்டாம். இரும்புக் கடையில் ஒரு அங்குல விட்வொர்த் (பழைய ஆங்கிலேய மரை அளவு) போல்ட் கேளுங்கள், அதுவும் அங்குலத்துக்கு எட்டு மரைதான். மரைப் பல்லின் கோணம் மட்டும் 60க்குப் பதில் 55 பாகை. இரும்பில் அது உறுத்தும், மரத்தில் பொருட்டில்லை. வாங்குமுன் உங்கள் தாளை அதன் மேல் வைத்து ஒப்பிட்டுவிடுங்கள். முனையில் முதல் நாலைந்து மரையைச் சாய்வாக ராவி, கிரைண்டரில் நீளவாக்கில் நான்கு காடி இழுங்கள். காடியின் ஓரம் கத்தி போல் இருக்க வேண்டும். வட்டமாக மழுங்கியிருந்தால் மரத்தை வெட்டாது, நசுக்கும். துளை ஏழு நூல், அதாவது 22 மி.மீ. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, தூளை ஊதிவிட்டு மறுபடியும். மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் முனகாமல் போகும்.

தொண்டிக்கடைசல்:
மெழுகைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெட்டிய மரையில் நீர்த்த உடனடிப் பசையைச் சொட்டு சொட்டாக ஊறவிட்டு, நன்றாக இறுகிய பின் அதே போல்ட்டை இன்னொரு முறை ஓட்டுங்கள். பல் கொம்பு மாதிரி ஆகிவிடும். மெழுகு ஏறிய மரத்தில் பசை ஊறாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், புகை கண்ணைப் பிடுங்கும்.

இன்னொன்று. பல ஸ்பிண்டில்களில் தோள் (மரை முடிகிற இடத்தில் உள்ள தடித்த விளிம்பு) ஓரமாகச் சிறிது தூரம் மரை இருக்காது. துளையின் வாயை 26 மி.மீ. அகலத்துக்கு இரண்டு மரை ஆழம் கழுத்து வெட்டாவிட்டால் சக் தோளில் போய் உட்காராது. வெளிப்பக்கத்தை எப்போது கடைந்தீர்கள்?

பாம்பன்வாடை:
முதலில் வெளிப்பக்கத்தைக் கடைந்து மெருகேற்றினேன். அதற்குப் பிறகுதான் துளை போட்டேன்.

பழையபட்டறை:
மெருகு வேறா! தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். துளையும் மரையும் முதலில். ஸ்பிண்டிலில் ஏற்றித் தோளில் உட்கார்ந்த பிறகு அங்கேயே வைத்து முகத்தையும் சுற்றையும் கடைய வேண்டும். துளை சற்றுக் கோணலாக விழுந்திருந்தாலும் அந்த லேத்தில் நேராகத்தான் ஓடும்.

ஏர்வாடிஅலை:
தோளுக்கும் சக்குக்கும் நடுவே எண்ணெய் டப்பா பிளாஸ்டிக்கில் ஒரு வளையம் வெட்டிப் போடுங்கள், கழற்றும்போது மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. லேத்தைப் பின்னோக்கி ஓடவிட வேண்டாம், சக் கழன்று பறக்கும். மரச் சக் சிறிய வேலைக்கு மட்டும். முதல் ஓட்டத்தில் வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் நில்லுங்கள்.

தேவிபட்டினத்தான்:
பூவரசில் செய்திருந்தால் இத்தனை பசையும் வளையமும் தேவைப்பட்டிருக்காது.

தொண்டிக்கடைசல்:
டேப் தவறாக இருந்தால் பூவரசும் உடையும் அண்ணே.

பாம்பன்வாடை (ஆறு நாள் கழித்து):
போல்ட் கிடைத்தது. கழுத்து வெட்டினேன், தோளில் உட்கார்ந்துவிட்டது. ஆட்டம் இல்லை. இருபத்திரண்டு தாங்கி முடிந்தது. எல்லோருக்கும் நன்றி.

கமுதிஉளி:
மகிழ்ச்சி தம்பி. அந்தக் கட்டை எப்போது வெட்டியது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கமுதிஉளி (மறுநாள்):
தம்பி?