ஆர்ஸ் கிராமம்: லூர்து போகிற வழியில் பார்த்துவிட முடியுமா?

மார்த்தாண்டம் பங்கு: எங்க பங்கிலிருந்து 12 பேர், சாமியாரோடு சேர்ந்து ஆகஸ்டில் லூர்து போகிறோம். புனித ஜான் மரிய வியான்னி பங்குத்தந்தையாக இருந்த, பிரான்சிலுள்ள ஆர்ஸையும் சேர்க்க ஆசை. டிராவல்ஸ்காரர் “வழியிலே ஒரு மணிக்கூர் நிறுத்தித் தாறேன்” என்கிறார். அது வழியில்தானா? நாலு பேர் வயசானவங்க.

கோட்டாறு வாசகர்: வழியில் இல்லை. லூர்து தென்மேற்கே பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது; ஆர்ஸ் கிழக்கே, லியோனுக்கு வடக்கே 35-40 கி.மீ. லியோனிலிருந்து லூர்துக்குத் துலூஸில் வண்டி மாறிப் போனால் ஒரு பகல் அதிலேயே கழியும். ஆகவே லியோனில் இரண்டு இரவு தங்கி, நடுவில் வரும் நாளை முழுக்க ஆர்ஸுக்கு வையுங்கள்.

ஆர்ஸில் ரயில் நிலையம் கிடையாது. லியோன் பார்-தியு நிலையத்தில் மாக்கோன் பக்கம் போகும் உள்ளூர் ரயில் ஏறி வில்பிராஞ்ச்-சூர்-சோனில் இறங்குங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து சோன் ஆற்றைக் கடந்து டாக்சியில் 10 கி.மீ. அளவு. சின்ன ஊர் என்பதால் நிலைய வாசலில் டாக்சி வரிசை கட்டி நிற்காது, திரும்பி வரவும் சேர்த்து முன்னாலேயே சொல்லிவையுங்கள். 12 பேருக்கு லியோனிலிருந்தே வேன் பிடிப்பதுதான் லாபம், வயசானவர்களுக்கும் அலைச்சல் இல்லை.

டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப்பெயரை முழுசாகப் பாருங்கள். நீஸ் பக்கத்தில் கடலோரமாக இன்னொரு வில்பிராஞ்ச் உண்டு. ஆர்ஸும் ஒன்றல்ல: மேற்குக் கடலில் ரே தீவில் ஆர்ஸ்-ஆன்-ரே இருக்கிறது. வேன் டிரைவரிடம் ‘ஆர்ஸ்-சூர்-போர்மான்’ என்றே சொல்லுங்கள். அஞ்சல் குறியீடு 01 என்று தொடங்கும்.

குளச்சல் கரை: பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். 1818 பிப்ரவரியில் வியான்னி வந்தபோது ஊரில் 230 பேர்தான். பிற்காலத்தில் ஒரு நாளில் 16 மணி நேரம் வரை பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்டிருக்கிறார். 1859 ஆகஸ்ட் 4-இல் இறந்தார், 1925-இல் புனிதரானார், 1929-இல் பங்குத்தந்தையரின் பாதுகாவலர்.

பசிலிக்காவில் நுழைந்ததும் அவர் பிரசங்கம் வைத்த பழைய சிறு கோயில். அதை இடிக்காமல், பின்னால் குவிமாடத்தோடு புதுக்கோயிலை ஒட்டவைத்தவர் பியர் போசான். லியோன் மலைமேல் இருக்கும் பூர்வியேர் பசிலிக்காவும் அவர் வரைந்ததே. அவசரத்தில் எல்லோரும் நேரே உடல் இருக்கும் பேழைக்கு ஓடிவிடுவார்கள், பழைய பகுதி கண்ணிலேயே படாது. பேழையில் தெரியும் முகம் மெழுகு முகமூடி. இதயம் தனிச் சிற்றாலயத்தில் இருக்கிறது. அவர் குடியிருந்த பழைய பங்களாவில் (பங்குத்தந்தை வீடு) அவருடைய அடுக்களையும் கட்டிலும் அப்படியே உண்டு. அறைகள் சிறியவை, 12 பேரும் ஒன்றாக நுழையாதீர்கள். மெழுகுப் பொம்மைக் காட்சிக்கூடம் நேரம் மிஞ்சினால் போதும்.

ஆர்ஸுக்குக் கிழக்கே மேட்டுநிலத்தில் குளம் குளமாகத் தெரிவது டோம்ப் பகுதி. அடியில் களிமண், தண்ணீர் இறங்காது. ஆயிரத்துக்கும் மேல் குளங்கள், எல்லாம் மனிதர் வெட்டியவை. சில வருஷம் மீன் வளர்ப்பார்கள், பிறகு நீரை வடித்து ஒரு வருஷம் தானியம் விதைப்பார்கள். நம்ம தேரூர் குளத்தைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

மார்த்தாண்டம் பங்கு: உபகாரம். ஆகஸ்ட் 4-க்கே போகலாமா? சாமியார் அங்கே தமிழ்ப் பூசை வைக்க முடியுமா?

கோட்டாறு வாசகர்: திருநாளன்று கூட்டம் அதிகம், தனிப் பூசைக்கு இடம் கிடைப்பது பாடு. மூன்று நாலு நாள் தள்ளிப் போங்க. ஞாயிறு வேண்டாம், கடை பெரும்பாலும் அடைப்பு. பூசைக்குத் திருத்தல அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கணும். சாமியார் ஆயர் கொடுத்த செலிபிரெட் கடிதம் (பூசை வைக்கத் தகுதியுள்ள குருவானவர் என்று சான்று சொல்வது) கையில் வைத்திருக்கணும். மதியச் சாப்பாட்டுக்கு 12 மணிக்கே உட்காருங்கள், 2 மணிக்கு மேல் அடுக்களையை மூடிவிடுவார்கள்.

தக்கலை: விசா பற்றி ஒரு வார்த்தை. ஷெங்கன் (பிரான்சும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசி 15 நாள் வரை இழுத்தால் ஆகஸ்ட் நெரிசலில் நேரம் கிடைக்காது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. பயணத் திட்டத்தில் ஆர்ஸ் என்று எழுதிவிட்டு லியோன் ஹோட்டல் ரசீது வைக்காமல் விட்டால் அந்த இரண்டு இரவுக்கும் கேள்வி வரும்.