கனடாவில் மரச்சுவரைத் துளைக்கப்போகும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

போன கிழமை மருமகன் ஸ்காபரோவிலிருந்து வீடியோ கோல் எடுத்தான். பேஸ்மென்ட்டில் சுவரை மூடுகிற டிரைவால் பலகையைக் கழற்றிவிட்டு, வரிசையாக நிற்கிற மரங்களைக் காட்டி, "மாமா, வயர் கொண்டுபோக இதில எங்க துளைக்கிறது?" என்றான். கையில் ட்ரில். அதைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் கதைத்தேன். உப்புவெளி, சல்லி, மூதூர் என்று எங்கட பக்கத்திலிருந்து போய் இப்போது முதல் வீடு வாங்குகிற எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும். 17 வருடம் அங்கே வீடு கட்டுகிற வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப் பழக்கத்தை மறக்க வேண்டும். இங்கே சுவர் சீமெந்துக் கல். ஓடாவி வருவது கூரைக்கும் நிலைக்கும்தான். வயர் ஓட வேண்டுமென்றால் சுவரை உளியால் வெட்டி, பைப்பைப் பதித்து, மேலே பூசிவிடுவோம். அந்தக் கை அப்படியே அங்கே போய், ஸ்டட் என்கிற, சுவருக்குள் நிமிர்ந்து நிற்கிற மரத்தின் முகத்தையும் வெட்டிப் பள்ளம் எடுக்கப் பார்க்கும். அதைச் செய்யவே கூடாது. அங்கே பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கிற அந்த ஸ்டட்டுகளில்தான் மேல்மாடியும் கூரையும் கூரையில் குவிகிற பனியும் இறங்குகின்றன. சுமையில் மரம் வளையப் பார்க்கும்போதும் காற்று தள்ளும்போதும் அதிகம் உழைப்பது இரண்டு விளிம்புகள்தான். நடுப்பகுதிக்கு வேலை குறைவு. அதனால்தான் துளை நடுவில் வர வேண்டும்.

சுவர் சுமை தாங்குகிறதா என்று பார்க்க மருமகனிடம் கமராவை மேலே திருப்பச் சொன்னேன். மேல்தளத்தைத் தாங்கும் ஜொயிஸ்ட் என்கிற குறுக்கு மரங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தச் சுவரின் தலையில் வந்து சந்தித்தன. சரி, அது தாங்குகிற சுவர். வெளிச்சுவர்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஐமிச்சமாக இருந்தால் தாங்குகிறது என்றே வையுங்கள்.

இப்போது அளவு. இரண்டுக்கு நாலு அங்குலம் என்று விற்கிற மரம் உண்மையில் 38க்கு 89 மில்லிமீற்றர். கனடாக் கட்டட விதிப்படி, தாங்குகிற சுவரில் ஸ்டட்டின் ஆழத்தில், அதாவது அந்த அகன்ற பக்கத்தில், மூன்றில் இரண்டு பங்கு சேதமில்லாமல் இருக்க வேண்டும். அப்படியென்றால் 89இல் ஏறக்குறைய 29 மில்லிமீற்றர் துளைதான். இரண்டுக்கு ஆறில், அதாவது 140இல், 46. அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்குத் துளை பொதுவாக ஆழத்தில் 40 சதவீதம் வரை, துளைக்கும் விளிம்புக்கும் இடையில் குறைந்தது 16 மில்லிமீற்றர்.

வயருக்கு இன்னொரு கணக்கு உண்டு. துளையின் ஓரம் ஸ்டட்டின் விளிம்பிலிருந்து 32 மில்லிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். முடியாவிட்டால் முகத்தில் இரும்புத் தகடு அடிக்க வேண்டும். பின்னாளில் யாரோ படம் மாட்ட ஆணி அடித்து, அது வயரில் இறங்கக்கூடாது. 89இல் இரு பக்கமும் 32 விட்டால் நடுவில் 25தான் மிச்சம். வீட்டு வயருக்கு அது தாராளம்.

உண்மையான ஆபத்து கழிவுநீர்க் குழாய். ஒருமுறை ஒரு வீட்டில் மேல்மாடிக் கதவு சாத்த முடியவில்லை, நிலைக்கு மேலே வெடிப்பு. கீழே சுவரைத் திறந்தால், முன்பு வேலை செய்தவர் இரண்டு அங்குலக் குழாயை இரண்டுக்கு நாலு ஸ்டட்டுகளுக்குள்ளால் கொண்டுபோயிருந்தார். அந்தக் குழாயின் வெளி அளவே 60 மில்லிமீற்றர். துளைக்கு இரு பக்கமும் என் சுண்டுவிரல் அகலத்துக்குத்தான் மரம் இருந்தது. அதில் ஒன்று பிளந்து, பிளவுக்குள் நகம் போகும் அளவுக்கு விரிந்திருந்தது. முட்டுக் கொடுத்துத் தூக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புது மரம் சேர்க்க இரண்டு நாள் போனது. ஒன்றரை அங்குலக் குழாய்கூட வெளியில் 48. கனடாவில் இரண்டுக்கு ஆறில் விடுகிற 46ஐ விடவும் அது பெரிது. குழாய்க்கு முன்னால் தனியாக ஒரு பொய்ச்சுவர் எழுப்புங்கள், அல்லது பிளம்பரையும் பொறியியலாளரையும் கூப்பிடுங்கள்.

துளைக்கும்போது பிரேக்கரை நிறுத்தி, மின்சாரம் இல்லையென்று சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். கண்ணாடி போடுங்கள். ஆணியில் பிட் மாட்டினால் ட்ரில் மணிக்கட்டை முறுக்கிவிடும், இரண்டு கையாலும் பிடியுங்கள். மரக்கணு இருக்கிற இடத்தை விட்டுத் தள்ளுங்கள். ஒரு ஸ்டட்டில் ஒரே மட்டத்தில் இரண்டு துளை பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். 1990க்கு முந்திய வீடென்றால் சுவரைத் திறக்க முன்னமே அஸ்பெஸ்டஸ் இருக்கிறதா என்று சோதிப்பியுங்கள்.

ஒன்ராறியோவில் சொந்த வீட்டு வயரிங்கை நீங்களே செய்யலாம், ஆனால் மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்து, டிரைவால் மூட முன் பரிசோதகருக்குக் காட்ட வேண்டும். வாடகை வீட்டில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

நேற்று மருமகன் படம் அனுப்பினான். ஏழு ஸ்டட், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே உயரத்தில் பென்சில் புள்ளி. நாலாவதில் புள்ளி சரியாகக் கணுவின் மேல் விழுந்திருந்தது. அதை மட்டும் ஒரு சாண் கீழே இறக்கச் சொன்னேன்.