7 வயசுப் பொண்ணுக்குப் பல் கலர் ஃபில்லிங்: எடுத்துடலாமா?

பொன்னி_மதுரை:
வணக்கம். என் பொண்ணுக்கு 7 வயசு. கீழ் வரிசையில புதுசா முளைச்ச கடைவாய்ப் பல்லுல சொத்தை. போன வாரம் நீல லைட் அடிச்சு வெள்ளையா அடைச்சு விட்டாங்க. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் "கசக்குதும்மா"ன்னு நாக்கால துழாவிட்டே வந்தா. ராத்திரி என் நாத்தனார் வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்பினாங்க. இது பிளாஸ்டிக்காம், அதுலிருந்து பிபிஏங்கிற கெமிக்கல் கசியுமாம், பொம்பளப் பிள்ளைக்கு ஹார்மோன் கெட்டுடுமாம். அன்னியிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இதை எடுத்துட்டு வெள்ளி வச்சுடலாமா?

கரிசல்காடு:
எனக்கு 1994ல வச்ச வெள்ளி அடைப்பு இன்னும் அசையலம்மா. மாத்திடுங்க.

கோவை_தேவி:
பொன்னி, எடுக்காதீங்க. 16 வருஷமா பல் கிளினிக்ல அசிஸ்டென்டா இருக்கேன். நல்லா இறுகின ஃபில்லிங்கை எடுக்கணும்னா மறுபடி டிரில் போடணும். தூள் பறக்கும், கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகும். வச்சு விடுறதைவிட அதுதான் பிள்ளைக்குக் கஷ்டம்.

கரிசல்காடு அண்ணே, உங்களுதை அப்படியே விடுங்க. ஆனா பாதரசம் இருக்கிறதால ஐரோப்பிய யூனியன்ல 2018லயே 15 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களுக்கு வெள்ளி அடைப்பை நிறுத்தினாங்க. 2025லிருந்து ஒரு சில மருத்துவக் காரணம் தவிர யாருக்கும் வைக்கிறதில்லை.

உங்க நாத்தனார் சொன்னதுல பாதி உண்மை இருக்கு. பல் கலர்ல அடைக்கிற இந்தப் பசைகள் பலதுல பிஸ்-ஜிஎம்ஏங்கிற ரெசின் (பிளாஸ்டிக் மாதிரி இறுகுற பொருள்) இருக்கும். 1962ல அமெரிக்காவுல ரஃபேல் போவன் பேட்டன்ட் வாங்கினது. அதைச் செய்யும்போது பிபிஏ சேருது, அதுல துளியூண்டு தங்கிடலாம். அடைச்ச அன்னிக்கு எச்சில்ல, மூத்திரத்துல பிபிஏ கொஞ்சம் ஏறும், சில நாள்ல இறங்கிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல, ஒரு நாளைக்கு இவ்வளவு பிபிஏ உடம்புக்குள்ள போகலாம்ங்கிற வரம்பை 20,000 மடங்கு குறைச்சிருக்கு. அதனால உங்க பயத்தை வெறும் வதந்தின்னு நான் தள்ள மாட்டேன்.

ஆனா முக்கியமா பார்க்க வேண்டியது இறுகாத பசையை. லைட் அடிச்சாலும் முழுசும் இறுகாது, கொஞ்சம் பச்சையாவே நிற்கும். அதுல பெரும்பகுதி முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே கசிஞ்சு போயிடும். காத்து படுற மேல்பரப்பு பிசுபிசுன்னு இருக்கும், அதைத் தேய்ச்சு எடுக்கணும். பாப்பாவுக்குக் கசந்தது அனேகமா அந்தப் பசைதான். ரொம்ப கனமா ஒரே தடவையில அடைச்சா அடியில வெளிச்சம் எட்டாது. சாதாரணப் பசைன்னா 2 மில்லிமீட்டர் 2 மில்லிமீட்டரா வச்சு ஒவ்வொண்ணுக்கும் லைட் அடிக்கணும். லைட் முனையில பழைய பசை காய்ஞ்சு ஒட்டியிருந்தாலும் வெளிச்சம் குறையும். தினமும் காலையில நான் முதல்ல துடைக்கிறது அந்த முனையைத்தான்.

பச்சைப் பசை என்ன பண்ணும்னு என் கையே சாட்சி. ஃபில்லிங் பல்லோட ஒட்டுறதுக்குத் தடவுற பாண்டிங் திரவம், அந்த பாட்டில் வாயில வழியுற சொட்டை கிளவுஸ் போட்ட கட்டை விரலாலயே பல வருஷம் துடைச்சேன். அதுல இருக்கிற ஹெமாங்கிற கெமிக்கல், கிளவுஸைச் சில நிமிஷத்துல தாண்டிடும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நுனியில வெடிச்சு, பூண்டு உரிக்கக்கூட முடியாம போச்சு. தோல் டாக்டர் முதுகுல பேட்ச் ஒட்டிப் பார்த்து ஹெமா அலர்ஜின்னு சொன்னாங்க. இப்போ பாட்டிலைத் தொடுறதே இல்லை. ஜெல் நெயில் போடுற பொண்ணுங்களுக்கும் இதே அலர்ஜி வருது. இத்தனைக்கும் என் வாய்லயே ரெண்டு ஃபில்லிங் இருக்கு, அதால ஒரு தொந்தரவும் இல்லை.

பொன்னி_மதுரை:
அக்கா, இப்பதான் மூச்சு வந்துச்சு. ரெண்டு தடவை லைட் அடிச்சாங்க, கடைசியில ரப்பர் கப்பு மாதிரி ஒண்ணு வச்சுத் தேய்ச்சாங்க. மேல ஒரு பால் பல்லு அடைக்க பாக்கி இருக்கு, என்ன கேட்கட்டும்?

கோவை_தேவி:
சரியாத்தான் செஞ்சிருக்காங்க. அடுத்த தடவை ரப்பர் ஷீட் கட்டுவாங்களான்னு கேளுங்க, எச்சிலும் படாது, பசையும் தொண்டைக்குப் போகாது. முடிஞ்சதும் பாப்பாவை நல்லா கொப்பளிச்சுத் துப்பச் சொல்லுங்க. பால் பல்லுல சின்னக் குழின்னா ஜிஐசி (கிளாஸ் அயனோமர் சிமென்ட், இன்னொரு வகை அடைப்பு) போதுமான்னும் கேளுங்க. சாதா ஜிஐசியில ரெசின் கிடையாது, ஃப்ளோரைடும் விடும். கடிக்கிற இடத்துல சீக்கிரம் தேயும், ஆனா பால் பல்லு எப்படியும் விழப்போறதுதானே.

பொன்னி_மதுரை:
போன் பண்ணிக் கேட்டேன் அக்கா, ரப்பர் ஷீட் இருக்காம். சனிக்கிழமை போறோம். நீங்க கையைப் பாத்துக்கங்க.