கழிவுநீர் நிலையம்: கடன் வாங்கி ஒரேயடியாகக் கட்டுவதா, குழாயை முதலில் சரிசெய்வதா?

கரையோரம்:
சுத்திகரிப்பு நிலையம் கொள்ளளவை எட்டிவிட்டால் நகரம் என்ன செய்ய வேண்டும்? கடன் வாங்கி ஒரேயடியாக இரண்டு மடங்காக்க வேண்டும் என்பதே என் கட்சி. 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் பாராளுமன்றத்துக்குள் புகுந்த பிறகுதான் லண்டனின் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. நாற்றம் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? 30 ஆண்டுக் கடன் என்றால் நாளை பயன்படுத்தப்போகிறவர்களும் பங்கு கட்டுவார்கள். அது நியாயம்தானே?

கணக்குப்பிள்ளை:
நியாயமா என்பது கட்டியது எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பொறுத்தது. கான்கிரீட் தொட்டி 50 ஆண்டு நிற்கும், சரி. பம்பும், காற்றை ஊதும் ப்ளோயரும் 15, 20 ஆண்டில் மாற்ற வேண்டியவை. அவற்றையும் அதே கடனில் சேர்த்தால், பழைய இரும்புக்குப் போட்டுவிட்ட மோட்டாருக்கு நம் பிள்ளைகள் தவணை கட்டுவார்கள்.

அப்புறம் இன்னொன்று. கட்டுவதற்கு மானியம் கிடைக்கும், ஓட்டுவதற்குக் கிடைப்பது அபூர்வம். நிலையத்தின் மின்செலவில் ஏறத்தாழ பாதி, கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகளுக்குக் காற்றூட்டுவதற்கே போய்விடும். அந்த மின்கட்டணத்துக்கு வழி சொல்லாத திட்டம் என்னைப் பொறுத்தவரை பாதித் திட்டம்தான்.

பம்ப்ஹவுஸ்:
பல வருடமாக நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். காற்றூட்டும் தொட்டியிலிருந்து தினமும் ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைப்போம். நல்ல நாளில் பழுப்புச் சேறு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும்.

அடைமழையில் ஜாடியில் அதே சேறு நன்றாகத்தான் படிகிறது. ஆனால் வெளியே தெளிவுத் தொட்டியில் வெள்ளம் தள்ளுகிற வேகத்துக்கு அது படிய நேரமில்லை. விளிம்பைத் தாண்டி வழிந்து ஓடுகிறது. அதோடு போவது வெறும் சேறு இல்லை, அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிரியும்தான். அது மெதுவாகப் பெருகும் இனம். மறுபடி தேறி வர வாரக்கணக்கில் ஆகும். நிலையத்தின் அளவு சிறியது என்பதால் வந்த வினையா இது? விரிசல் விட்ட குழாயிலும் மேன்ஹோல் மூடியிலும் இறங்கிய மழைநீர் செய்த வேலை.

கரையோரம்:
அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் குழாய் வேலை என்றால் தெருத்தெருவாகத் தோண்ட வேண்டும், அதற்கு எத்தனை வருடம்? மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடையில் விட்டிருக்கிற ஒவ்வொரு வீட்டையும் யார் பிரித்துவிடுவது? அதுவரை ஆற்றில் மீன் சாகும். கீழே அந்தத் தண்ணீரை எடுத்துக் குடிக்கிற ஊர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கணக்குப்பிள்ளை:
அதற்காகத்தான் படிப்படியாக என்கிறேன். நிலத்தையும் பெரிய கால்வாய்களையும் முழு அளவுக்கு இப்போதே எடுத்துக்கொள்ளலாம். தொட்டிகளில் பாதியை மட்டும் இப்போது கட்டுவோம். கட்டடத்துக்கு நீண்ட கடன், இயந்திரத்துக்குக் குறுகிய கடன். இயந்திரங்களை மாற்றும் செலவுக்கென்று, வீடுகள் கட்டும் கழிவுநீர்க் கட்டணத்தை வருடம் கொஞ்சம் உயர்த்தித் தனி நிதியில் போட வேண்டும். பத்து வருடம் தொடாமல் வைத்து, ஒரே நாளில் இரண்டு மடங்காக்கினால் ஏழை வீடுதான் முதலில் தடுமாறும்.

கரையோரம்:
தனி நிதியை வேறு செலவுக்கு எடுக்க முடியாதபடி விதியில் பூட்டினால் அந்தப் பகுதிக்கு என் ஆதரவு உண்டு. தொட்டிகளில் பாதி என்பதற்கு இல்லை. மீதிப் பாதி கட்டப்படாமலே போய்விடும் என்ற பயம் எனக்கு உண்மையிலேயே இருக்கிறது.

பம்ப்ஹவுஸ்:
பாதியா முழுதா என்று முடிவுசெய்யும் முன் ஒன்று செய்யுங்கள். மழையில்லாத நாட்களில் அதிகாலை 3 மணிக்கு நிலையத்துக்குள் வரும் ஓட்டத்தை அளந்து பாருங்கள். ஊர் தூங்கும் நேரம், குழாய் ஏறக்குறைய காலியாக ஓட வேண்டும். அப்போதும் நிறைய வந்தால் அதில் பெரும்பங்கு விரிசல் வழியே குழாய்க்குள் புகுந்த நிலத்தடி நீர். அந்த அளவு கையில் இல்லாமல் யார் வரைபடம் போட்டாலும் நான் நம்ப மாட்டேன்.