செனோலைட்டிக்: முதுமைத்தடுப்பியா, மூப்பணு நீக்கியா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் அகரமுதலியில், மூப்படைந்த உயிரணுக்களை ஒழிக்கும் பொருளைக் குறிக்கும் செனோலைட்டிக் (senolytic) என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘முதுமைத்தடுப்பி’ என்று நம் குழுவின் ஐயா ஒருவர் முன்மொழிந்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. காதுக்கு இனிமையான சொல்தான். ஆனால் மாத்திரைப் புட்டியின் மேலுறை சொல்ல விரும்புவதைத்தான் அது சொல்கிறதே ஒழிய, அப்பொருள் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை.

மனித உயிரணுக்கள் ஆய்வகத்தில் வரம்பின்றிப் பிரிந்துகொண்டே இருப்பதில்லை என்று ஹேஃபிளிக்கும் மூர்ஹெட்டும் 1961-இல் காட்டினர். அவ்வாறு பிரிவதை நிறுத்தியும் சாகாமல் தங்கிவிடும் உயிரணுக்கள், அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்து அண்டை உயிரணுக்களையும் கெடுக்கின்றன. இவற்றை மட்டும் தேர்ந்து ஒழிக்கும் பொருள்களுக்கே, 2015-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு செனோலைட்டிக் என்னும் பெயரை இட்டது. அவர்கள் சோதித்த இணை, டாசாட்டினிப் என்னும் இரத்தப் புற்றுநோய் மருந்தும், வெங்காயத்தில், குறிப்பாக அதன் வெளித்தோலில், மிகுதியாக உள்ள குவெர்செட்டினும் ஆகும்.

ஒழிக்கப்படுவது முதுமை அன்று, ஒருவகை உயிரணு. அவ்வுயிரணுவும் முற்றிலும் பகை அன்று. புண் ஆறுவதற்கு அது துணைபுரிகிறது. ஆகவே அதனை ‘மூப்பணு’ என்றும், இப்பொருளை ‘மூப்பணு நீக்கி’ என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. அணு என்றால் இயற்பியல் அணுவோடு குழம்பாதா என்று கேட்கலாம். வெள்ளணு, விந்தணு ஆகியவற்றில் எவரும் குழம்புவதில்லை. உயிரணுவைக் ‘கலம்’ என்னும் இலங்கை வழக்கையொட்டி ‘முதுகலம்’ என நம் குழுவின் அம்மையார் ஒருவர் எழுதியதும் பொருத்தமானதே, எனினும் அதைப் படிக்கும்போது எனக்கு முதலில் முதுகும் அடுத்து முதுகலைப் பட்டமும் நினைவுக்கு வருகின்றன. ‘லைட்டிக்’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் நேரான ‘சிதைப்பி’ என்பதையும் தவிர்த்தேன். இப்பொருள் உயிரணுவைத் தானே உடைப்பதில்லை, அது சாகாமல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை அடைக்கிறது, பிறகு உயிரணு தானாகவே மடிகிறது.

சப்ளிமென்ட் என்னும் பொருளில் வழங்கும் ‘குறைநிரப்பி’ என்ற சொல்லைக் கடையில் விற்கும் குவெர்செட்டின் மாத்திரைக்கு ஒட்டவைப்பதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். வைட்டமின் டி குறைந்தால் எலும்பு நலிவதால் அதனைக் குறைநிரப்பி என்பது சரி. குவெர்செட்டின் குறைவால் வரும் நோய் என்று ஒன்று இல்லை. மேலும், 2019-இல் வெளியான முதல் மனிதச் சோதனையில், நுரையீரல் நார்த்திசு நோயுற்ற 14 பேருக்கு நாளொன்றுக்கு 1,250 மில்லிகிராம் குவெர்செட்டினும் 100 மில்லிகிராம் டாசாட்டினிப்பும் வாரத்தில் மூன்று நாள் வீதம் மூன்று வாரமே தரப்பட்டன. நாள்தோறும் உண்டு நிரப்பும் முறை அன்று இது. விட்டுவிட்டுத் தரும் மருந்துமுறை. கடையில் குவெர்செட்டின் மாத்திரையை மட்டும் வாங்கி விழுங்குபவருக்கு அச்சோதனையின் பாதிதான் கிடைக்கிறது, அதுவும் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல். எனவே அகரமுதலியில் விற்பனை வடிவத்திற்குத் ‘துணையுணவு’ என்றும், வேதிப்பொருளின் செயலுக்கு ‘மூப்பணு நீக்கி’ என்றும் தனித்தனிப் பதிவுகள் இட வேண்டும்.

மூப்பணுவைக் கொல்லாமல் அதன் சுரப்பை மட்டும் தணிக்கும் செனோமார்ஃபிக் வகைக்கு ‘மூப்பணு அடக்கி’ என எழுதி வைத்துள்ளேன். ராபமைசின் என்னும் மருந்து இந்த வகையில் சேரும். ‘அடக்கி’யைவிடத் ‘தணிப்பி’ பொருந்தும் என்று கருதுவோர் எழுதுங்கள். அதை மாற்றிக்கொள்ள எனக்குத் தடையில்லை.