வில்லன் மந்திரவாதி முதல் ரவுண்டிலேயே காலி: அடுத்தவரை எப்படித் தயார் செய்வது?

குகைவாசி:
டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஆடுபவர்கள் ஐந்து பேர், எல்லோரும் லெவல் 7. கதையில் அவ்வளவு பில்டப் கொடுத்திருந்த மந்திரவாதியை (விதிப்புத்தகத்தில் உள்ள ‘மேஜ்’ அப்படியே, எதிரியின் வலிமையைக் காட்டும் சேலஞ்ச் ரேட்டிங் 6) மாங்க் (கைச்சண்டைத் துறவி) ஓடிப்போய் ஸ்டன் செய்தார், அதாவது அசைய முடியாமல் ஆக்கினார். ஃபைட்டர் இரண்டு வெட்டு, ரோக் ஒரு குத்து. அவன் வாயைத் திறக்கும் முன்பே ஆட்டம் முடிந்தது. அடுத்து அவனுடைய குரு வரப்போகிறார். ஹிட் பாயின்ட்டை (எவ்வளவு அடி தாங்குவார் என்ற கணக்கு) 150 ஆக்கினால் சரியாகிவிடுமா?

பகடைப்பித்தன்:
ஆகாது. ஸ்டன் ஆனவருக்கு 150 இருந்தாலும் சும்மா நின்று அடி வாங்குவார், கொஞ்சம் கூடுதல் நேரம். மேஜுக்கு கான்ஸ்டிட்யூஷன் சேவ் (ஸ்டன்னிலிருந்து தப்ப உருட்டும் பகடையோடு கூட்டும் எண்) +0. மாங்குக்கு அல்வா மாதிரி. அதோடு ஒரு ரவுண்டில் உங்கள் ஆட்களுக்கு ஐந்து டர்ன், அவருக்கு ஒன்று. பெரிய டிராகன்களுக்கு, மற்றவர் டர்னுக்குப் பின்னும் செயல்பட லெஜண்டரி ஆக்‌ஷன், தோற்ற சேவ் உருட்டலை வென்றதாக மாற்ற லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் எல்லாம் கொடுத்திருப்பது இதற்காகத்தான். குருவுக்கும் இரண்டு ரெசிஸ்டன்ஸ் கொடுங்கள். மூன்று கொடுத்தால் மாங்க் ஆடுபவர் கடுப்பாகிவிடுவார்.

மூன்றாம்_வாசல்:
எனக்கு அந்த ரெசிஸ்டன்ஸே பிடிக்காது. நன்றாக உருட்டியதை டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ‘செல்லாது’ என்று சொல்வது போல இருக்கும். முதலில் இடத்தைப் பாருங்கள். அவர் ஏன் கை எட்டும் தூரத்தில் நிற்கிறார்? ஃபயர்பால் மந்திரம் 150 அடி போகும், அதை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல் 60 அடிக்குள்தான். எழுபது அடி தள்ளி, உடைந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். மாங்க் எப்படியும் வந்துவிடுவார், வரட்டும். ஆனால் தனியாக வருவார்! பக்கத்தில் நாலு காவலர்கள் போதும். ஆளுக்கு 11 ஹிட் பாயின்ட்தான் என்றாலும் மாங்கின் டர்னைத் தின்பார்கள்.

குகைவாசி:
தூரம் யோசிக்கவே இல்லை. நெருங்கிவிட்டால் மிஸ்டி ஸ்டெப்பில் (சட்டென இடம் மாறும் மந்திரம்) விலகி உடனே ஃபயர்பால் போடலாமா?

பகடைப்பித்தன்:
முடியாது. மிஸ்டி ஸ்டெப் போல, டர்னில் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் ஸ்பெல் போட்டால் அந்த டர்னில் ஆக்‌ஷனுக்குக் கேன்ட்ரிப் (எத்தனை முறையும் போடக்கூடிய எளிய மந்திரம்) மட்டும்தான். ரியாக்‌ஷனும் (அடுத்தவர் செயலுக்கு உடனே தரும் பதில்) ரவுண்டுக்கு ஒன்றே. அடியைத் தடுக்கும் ஷீல்டு மந்திரத்துக்குச் செலவழித்துவிட்டால் கவுன்டர்ஸ்பெல் கிடையாது. இதை ஆட்கள் கண்டுபிடித்து முதலில் அம்பு விட்டு ஷீல்டைப் பிடுங்கினால், அது அவர்களுடைய சாமர்த்தியம், விட்டுவிடுங்கள்.

மூன்றாம்_வாசல்:
இன்னொன்று, குருவுக்கு என்ன வேண்டும்? ஐந்து பேரையும் கொல்வதுதான் நோக்கம் என்றால் ஒருவர் சாகும்வரை சண்டை இழுக்கும். ஒரு சடங்கை முடிக்க நாலு ரவுண்டு வேண்டும், அவ்வளவுதான் என்று வையுங்கள். அப்புறம் அவர் விழுந்தாலும் சடங்கை நிறுத்த யாராவது ஓட வேண்டியிருக்கும். சீடன் செத்த விதம் அவருக்குத் தெரிந்தால் மாங்கை முதல் ரவுண்டிலேயே குறிவைப்பது நியாயம்தான். ஆனால் எப்படித் தெரிந்தது என்பதை ஒரு ஒற்றனை வைத்து முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

குகைவாசி:
பாலம், நாலு காவலர்கள், சடங்கு எடுத்துக்கொள்கிறேன். ரெசிஸ்டன்ஸ் ஒன்றே ஒன்று. ஒற்றன் ஏற்கெனவே அவர்களோடுதான் பயணம் செய்கிறான், அவர்களுக்கு இன்னும் தெரியாது.