ரோடாக்ஸ் 912 யூஎல்எஸ்: ஏறும்போது இடது பக்கம் மட்டும் மிஸ்ஸிங்

ஹேங்கர்_கட்டுநர்

சொந்தமாகக் கட்டிய இரண்டு சீட்டர் விமானம். இன்ஜின் ரோடாக்ஸ் 912 யூஎல்எஸ், இரண்டு பிங் கார்புரேட்டர், துணைக்கு எலக்ட்ரிக் பம்ப். தரையில் ஒரு குறையும் தெரியவில்லை. 4000 ஆர்பிஎம்மில் இக்னிஷன் செக் செய்தால் ஏ, பி என்ற இரண்டு தனித்தனி இக்னிஷன் சர்க்யூட்டிலும் ஆர்பிஎம் 150க்குள்தான் இறங்குகிறது. ஃபுல் த்ராட்டிலில் ஏற ஆரம்பித்து இரண்டு மூன்று நிமிடம் போனதும் மிஸ்ஸிங் அடிக்கிறது, ஆர்பிஎம் 200 போல விழுகிறது. அப்போது 2, 4 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வெப்பம் மட்டும் ஏறுகிறது. 1, 3 அப்படியே நிற்கிறது. த்ராட்டிலைக் குறைத்தால் அரை நிமிடத்தில் தானாகச் சரியாகிறது. ஃபியூவல் பிரஷர் 0.3 பாரில் ஆடாமல் நிற்கிறது. எலக்ட்ரிக் பம்ப் போட்டாலும் மாற்றமில்லை. எட்டு பிளக்கும் புதிது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

டெயில்வீல்

சூடான பிறகு வருவதால் இக்னிஷன் காயில் மேல்தான் எனக்குச் சந்தேகம். கார்புரேட்டர் இரண்டையும் வேக்கம் கேஜ் போட்டு ஒரு தடவை பேலன்ஸ் பார்த்துவிடுங்கள்.

பிங்64

டெயில்வீல் சார், இந்த இன்ஜினில் காயில் என்றால் சிலிண்டர் ஜோடி வேறு மாதிரி வரும். ஒவ்வொரு காயிலும் 1, 2 சேர்ந்தோ 3, 4 சேர்ந்தோதான் தீப்பொறி கொடுக்கிறது. கார்புரேட்டர் அப்படி இல்லை: வலது பக்கத்தது 1, 3க்கு, இடது பக்கத்தது 2, 4க்கு. 2ம் 4ம் சேர்ந்து கெடுகிறது என்றால் இடது கார்புரேட்டரையோ அதற்குப் போகும் பாதையையோதான் பிடிக்க வேண்டும். பேலன்ஸ் தவறினால் அதிர்வு ஐடிலிலும் நடு த்ராட்டிலிலும்தான் அதிகம் தெரியும். ஃபுல் த்ராட்டிலில் இரண்டு பட்டாம்பூச்சி வால்வும் முழுக்கத் திறந்திருக்கும்.

எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறுவதால் அந்தப் பக்கம் பெட்ரோல் குறைகிறது, அதாவது லீன் ஆகிறது. ஃபுளோட் (கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) கனத்து மூழ்கியிருந்தால் நேர்மாறாக ரிச் ஆகி, கருப்புப் புகையும் ட்ரிப் ட்ரேயில் வழியும் பெட்ரோலும் தெரிந்திருக்கும்.

கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த இரண்டு மூன்று நிமிடத் தாமதம். இந்த இன்ஜின் ஃபுல் பவரில் மணிக்கு சுமார் 27 லிட்டர் குடிக்கும். ஒரு பக்கத்துக்கு நிமிடத்துக்கு 225 மில்லி. கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடும் ஊசி வால்வு வழியாக 210 மில்லிதான் உள்ளே வருகிறது என்று வையுங்கள். கிண்ணத்தில் நிற்கும் இருப்பு மெல்ல மெல்ல இறங்கி, மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) காற்றை இழுக்க ஆரம்பிக்கும். த்ராட்டிலைக் குறைத்ததும் கிண்ணம் மறுபடி நிரம்பிவிடும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான். ஜெட்டே அடைத்திருந்தால் த்ராட்டில் திறந்த உடனே திணறும், நிமிடக்கணக்கில் காத்திருக்காது.

பிரஷர் 0.3 பார் காட்டுவதை வைத்து ஏமாறாதீர்கள். சென்சார் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் பிரிவதற்கு முன்னால் இருக்கும். பிரிந்த பிறகு ஏற்படும் அடைப்பு அதில் தெரியாது. எலக்ட்ரிக் பம்ப் உதவாததற்கும் அதுவே காரணம். இடது ஹோஸ், அதன் பாஞ்சோ (ஹோஸைக் கார்புரேட்டரோடு இணைக்கும் துளை போல்ட் ஃபிட்டிங்), ஊசி வால்வு மூன்றையும் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை: இடது, வலது வெப்ப சென்சார்களின் ஒயரை மாற்றிப் போட்டு, கேஜ் உண்மை சொல்கிறதா என்று தரையிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். இது தீரும்வரை பறக்க வேண்டாம். நான்கில் இரண்டு சிலிண்டர் நின்றால் மிச்சம் இருக்கும் சக்தியில் ஏற முடியாது.

காற்றுவழி

பிங்64 சொன்னதோடு இரண்டு இடம் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, கிண்ணத்தின் வென்ட் குழாய். அதன் முனை, கார்புரேட்டர் காற்று உறிஞ்சும் இடத்தின் அழுத்தத்திலேயே இருக்க வேண்டும்: ஏர்பாக்ஸ் இருந்தால் ஏர்பாக்ஸில், தனி ஃபில்டர் என்றால் அதன் பக்கத்தில். இடது குழாய் கழன்று கௌலிங்குக்குள் (இன்ஜின் மூடி) காற்று பாயும் இடத்தில் தொங்கினால் அந்தப் பக்கக் காற்று-பெட்ரோல் கலவை மட்டும் மாறும். தரையில் தெரியாது, வேகம் எடுத்தால்தான் தெரியும். மடங்கி நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு, கார்புரேட்டர் சாக்கெட்டின் ரப்பர். கையால் வளைத்து, கீழ்ப்பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும். ஆனால் அங்கே காற்று கசிந்தால் ஐடிலில்தான் அதிகம் திணறும், ஆகவே உங்கள் விஷயத்தில் இது இரண்டாம் பட்சம். டேங்க் வென்ட் அடைத்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து சாகும், அதை விட்டுவிடலாம்.

ஹேங்கர்_கட்டுநர்

சென்சாரை மாற்றிப் பார்த்தேன், கேஜ் சரி. வென்ட் குழாய் இரண்டும் ஏர்பாக்ஸில்தான் இருக்கின்றன. இடது கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் கருப்பாக, நகத்துண்டு அளவில் சுருண்ட ரப்பர் சீவல்கள். ஊசி வால்வின் வாயிலும் ஒன்று பாதி குறுக்கே நிற்கிறது. வலது கிண்ணம் சுத்தம். ஃபில்டரைத் தாண்டி இது எப்படி வந்தது?

பிங்64

ஃபில்டரைத் தாண்டி வரவில்லை. ஃபில்டருக்குப் பிறகு உள்ள ஹோஸிலேயே பிறந்தது. இறுக்கமான ஹோஸை உலர்ந்தபடி ஃபிட்டிங்கில் திருகித் தள்ளும்போது, அதன் பள்ளக் கூர்முனை ஹோஸின் உள்சுவரைச் சீவிவிடும். சீவல் உடனே விழாது, நாக்கு போல ஒட்டிக்கொண்டிருந்து பெட்ரோலில் ஊறிய பிறகு பிய்ந்து போகும். அதனால் சுத்தம் செய்துவிட்டுப் பழைய ஹோஸையே மாட்டினால் மறுபடி வரும். பம்பிலிருந்து இரண்டு கார்புரேட்டர் வரை உள்ள ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வலது பக்கமும் சேர்த்துத்தான்.

புது ஹோஸைக் கூர்மையான பிளேடால் நேராக வெட்டி, உள்ளே காற்றடித்து, முனையில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி, திருகாமல் நேராகத் தள்ளவும். ஃபிட்டிங்கின் விளிம்பில் பிசிறு இருந்தால் நைஸ் எமரியால் தேய்த்துவிடவும். எந்த ஜாயிண்டிலும் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், அதுவும் இப்படித்தான் நூலாகப் பிரிந்து ஜெட்டுக்குப் போகும்.

கிண்ணம் கழற்றியிருக்கும்போதே இரண்டு ஃபுளோட்டையும் சேர்த்து நகைத் தராசில் வையுங்கள். ஜோடி 7 கிராமைத் தாண்டினால் மாற்ற வேண்டும். கிண்ண கேஸ்கெட்டைப் புதிதாகப் போடவும்.

மாட்டுவதற்கு முன் ஃபுளோ டெஸ்ட். இரண்டு இக்னிஷன் ஸ்விட்சும் ஆஃப், பக்கத்தில் தீயணைப்பான், வெளிக்காற்று உள்ள இடம். விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உயர்த்தி, டேங்கில் குறைந்த அளவு பெட்ரோல் வைத்து, எலக்ட்ரிக் பம்பை ஓட விடுங்கள். பம்ப் உள்ள அமைப்புக்கு ஃபுல் பவர் தேவையின் 125 சதவீதம் வர வேண்டும்: மொத்தம் மணிக்கு 34 லிட்டர், ஒரு பக்கத்துக்கு நிமிடத்துக்கு 280 மில்லி. முதலில் ஹோஸ் முனையில் அளக்கவும், பிறகு ஹோஸை மாட்டி, கிண்ணம் இல்லாமல் திறந்த ஊசி வால்வு வழியாக அளக்கவும். இரண்டு முறையும் இடமும் வலமும் ஒரே நேரத்தில், தனித்தனி அளவுக் குடுவையில் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திறந்தால் பம்பின் முழு அளவும் அதிலேயே வந்து, குறை மறைந்துவிடும்.

காற்றுவழி

இதெல்லாம் முடிந்த பிறகு சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வாலை உறுதியாகக் கட்டி, தரையில் ஃபுல் த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். மிஸ்ஸிங் வந்த நேரத்தைத் தாண்டி ஓட வேண்டும். ஆயில், கூலன்ட் வெப்பம் எல்லைக்கு வந்தால் நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி. முதல் பறப்பில் ஓடுதளத்துக்கு மேலேயே வட்டமடித்து ஏறவும், பயணி வேண்டாம். இறங்கியதும் இரண்டு கிண்ணத்தையும் திறந்து பாருங்கள். ஐந்து மணி நேரம் பறந்த பிறகு இன்னொரு தடவை. புது ஹோஸும் சீவல் விடலாம்.

டெயில்வீல்

காயில் ஜோடிக் கணக்கு எனக்குப் புதுத் தகவல், நன்றி பிங்64. கட்டுநரே, கிண்ணத்தை மூடும்போது கம்பிக் கிளிப் நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கேஸ்கெட் ஒரு ஓரம் பிதுங்கினாலும் பெட்ரோல் நேராக எக்ஸாஸ்ட் பைப் மேல் சொட்டும்.